மீன் தராசில் ஏறிய அப்பா

பிள்ளைகளா, அப்பா மூன்று மாதத்தில் பத்துக் கிலோ குறைத்த கதையை நீங்கள் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். பாதி தப்பாகச் சொல்கிறீர்கள். அதனால் நானே எழுதிவைத்துவிடுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுதுவது, பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

2004-இல் நான் செல்போன் டவர் ஏறும் வேலையில் சேர்ந்தபோது ஒல்லிப்பிச்சான். வயலுக்கு வயல் டவர் முளைத்த காலம் அது. சிதம்பரத்திலிருந்து கடலூர் வரைக்கும் நான் ஏறாத டவர் கிடையாது. ஐந்தாறு வருஷத்தில் புது டவர்கள் குறைந்தன. மாதத்துக்கு இரண்டு தடவை ஏறினால் அதிகம். மற்ற நாளெல்லாம் பைக், டீ, வடை, மறுபடி பைக். உடம்பு எப்போது ஊதியது என்று எனக்கே தெரியாது.

2010-இல் புதுப் பாதுகாப்பு பெல்ட் வந்தது. தோள், இடுப்பு, தொடை எல்லாவற்றையும் சுற்றிக் கட்டுகிற பெல்ட். நூறு கிலோ வரைக்கும்தான் தாங்கும் என்று அதிலேயே ஒரு துணியில் அச்சடித்துத் தைத்திருந்தார்கள். ஆளும் சாமான் பையும் சேர்த்து நூறு. பை மட்டும் ஏழு கிலோ. சூப்பர்வைசர் சிதம்பரம் ஆபீசில் என்னை எடை மிஷினில் நிறுத்தினார். பை இல்லாமலே நூற்று மூன்று.

"மூணு மாசம் டைம் தரேன். பையோட நூறுக்குள்ள வந்தா ஏறு. இல்லன்னா கீழயே இருந்து ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்து" என்றார்.

டீசல் ஊற்றுவது கேவலமான வேலை இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை ஏறுவது. உச்சியில் நின்றால் ஒரு பக்கம் சிதம்பரம் கோபுரம் நாலும் தெரியும், இன்னொரு பக்கம் கடல் கோடு மாதிரி மின்னும். அங்கே நிற்கும்போது மட்டும்தான் நான் பத்தாவதோடு நின்றவன் என்பது எனக்கு மறந்துபோகும். அதை விட்டுவிட எனக்கு மனசில்லை.

ஓடிப் பார்த்தேன், முட்டி வலித்தது. சரி, நீந்துவோம் என்று நம் கீரப்பாளையத்துக் குளத்தில் இறங்கினேன். தினமும் விடிந்ததும் அரை மணி நேரம். நீங்கள் இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து எத்தனை தடவை போய் வருகிறேன் என்று எண்ணுவீர்கள். ஆறு என்றால் எட்டு என்று சத்தம் போட்டு என்னை ஏமாற்றியதும் எனக்குத் தெரியும்.

நீந்திவிட்டு வந்தால் பசி பசி என்று அப்படி ஒரு பசி! ஆறு இட்லி சாப்பிட்டவன் பதினொன்று சாப்பிட்டேன். உங்கள் அம்மா சட்டியைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"குளத்துல கரைச்சிட்டு வர்றத வூட்டுல வந்து அடைக்கிறீங்க."

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலூருக்குப் போனோம். உங்கள் அம்மாவின் தம்பி, என் மச்சான், முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலத்துக்கு வருவான். அங்கே மீன் டப்பாவை வைத்து எடை போடும் பெரிய மின்தராசு ஒன்று உண்டு. என்னைத் தாங்குகிற தராசு வேறு எங்கே கிடைக்கும்? ஒரு டப்பாவை இறக்கியதும் நான் ஏறிக்கொண்டேன். தொண்ணூற்று ஒன்பது!

"நாலு கிலோ போயிடுச்சு மச்சான்!" என்று கத்தினேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"எங்க போச்சு மாமா? எல்லாம் வெச்ச எடத்துலதான் இருக்குது."

அன்று சாயங்காலம் கடலில் நான் நீந்துவதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"நீ நீந்தல மாமா, மெதக்குற. திமிங்கலங்கூட நாள் பூரா தண்ணியிலதான் கெடக்குது, எளைச்சா போச்சு? வா, வந்து வலையைப் புடி."

கரைவலை இழுப்பு நீங்கள் பார்த்ததுதான். கடலில் வளைத்துப் போட்ட வலையின் இரண்டு கயிற்றையும் கரையில் நின்று ஆட்கள் இழுப்பார்கள். குதிகாலை மணலில் குத்திப் பின்னாலேயே நடக்க வேண்டும். நான் பத்து அடி வைப்பதற்குள் தொடை நடுங்கி உட்கார்ந்துவிட்டேன். எனக்கு முன்னால் நின்ற தாத்தா ஒருவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "கயித்தப் புடிச்சா இழுக்கணும்டா, தொங்கக் கூடாது" என்றார்.

மச்சான் ஒரு பழைய வலைக்கயிற்றைக் கொடுத்தனுப்பினான். பஞ்சர் கடையில் ஒரு லாரி டயர் வாங்கி அதில் கட்டினேன். குளத்தில் அரை மணி நீந்தி, ஈரத்தோடு கரையேறி, டயரைப் பின்நடையாக அரை மணி இழுத்தேன். ஞாயிறு ஞாயிறு கடலில் நீச்சல், பிறகு கரைவலை. ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. இட்லி ஆறுக்கு வந்தது. பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை.

ஐந்து வாரம் இப்படி ஓடியது. கெடுவுக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது மறுபடி மீன் தராசில் ஏறினேன். தொண்ணூற்று மூன்று! பையோடு நூறு! எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மச்சானைத் தூக்கிச் சுற்றினேன். ஏலக்காரர்களுக்கு எல்லாம் சர்பத் சொன்னேன். அப்போதுதான் காலியாக இருந்த தராசைப் பார்த்தேன். அதில் யாரும் இல்லை, எதுவும் இல்லை. ஆனால் சிவப்பு எழுத்தில் நாலு, அதற்கு முன்னால் ஒரு கோடு.

"அண்ணே, இது என்ன கோடு?" என்று எடை போடுகிறவரைக் கேட்டேன்.

"டப்பாவுக்கு ரெண்டு கிலோ, ஐஸ் தண்ணிக்கு ரெண்டு கிலோ, முன்னாடியே கழிச்சு வெச்சிருவோம். மீன் எடை மட்டும் வரணுமில்ல."

"நான் ஏறினாலும் கழிக்குமா?"

"ஏறுறது நீயா வஞ்சிரமானு தராசுக்கு எப்படிய்யா தெரியும்?"

சர்பத் டம்ளரோடு எல்லாரும் சிரித்தார்கள். நான் விரல்விட்டுக் கணக்குப் போட்டேன். அப்படியானால் நான் தொண்ணூற்று ஏழு. இன்னும் நாலு கிலோ. பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். முதல் மாதம் தொண்ணூற்று ஒன்பது காட்டியதே, அப்போது நான் நூற்று மூன்றேதான்! வெறும் நீச்சலும் பதினொரு இட்லியுமாக ஒரு மாதம் ஒரு கிலோகூடக் குறையவில்லை. குறைந்த ஆறு கிலோவும் டயரும் வலையும் சேர்ந்த பிறகு குறைந்தது. இது புரிந்ததும் கவலை போய் வெறி வந்துவிட்டது. வழி தெரிந்துபோயிற்றே!

லீவு போட்டுவிட்டு மச்சான் வீட்டுக்கே போய்விட்டேன். காலையில் வலை கரைக்கு நெருங்கும்போது மீன் தப்பாமல் தண்ணீரை அடித்துக்கொண்டே வலையைச் சுற்றி நீந்துவேன். கரையேறி உடனே கயிற்றைப் பிடிப்பேன். சாயங்காலம் மறுபடி அதே. கேழ்வரகுக் கூழும் குழம்பு மீனும்தான் சாப்பாடு, வறுவலைக் கண்ணால் பார்ப்பதோடு சரி. கடைசி வாரத்தில் அந்தத் தாத்தா, "இப்பதான்டா இழுக்குற" என்றார். எனக்குச் சர்டிபிகேட் கிடைத்த மாதிரி இருந்தது. மீன் தராசுப் பக்கம் மட்டும் போகவே இல்லை.

கெடுவுக்கு முந்தின ராத்திரி வீடு திரும்பினேன். மறுநாள் சிதம்பரம் ஆபீசில் பையை மாட்டிக்கொண்டு மிஷினில் ஏறினேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

"நூத்தி ஒண்ணு, சொச்சம்" என்றார் சூப்பர்வைசர்.

மிஷினை விட்டு இறங்கிப் பையைக் கழற்றினேன். அவரோ என் பையைத் தூக்கிப் பார்த்து, "என்னய்யா, ஏழு கிலோ மாதிரி தெரியலையே" என்று ஜிப்பைத் திறந்தார். ஸ்பானர்களுக்கு நடுவில் பளபளவென்று ஒரு டிபன் கேரியர். பதினெட்டு நாள் கூழ் குடித்த மனுஷன் என்று உங்கள் அம்மா விடியற்காலையில் எனக்குத் தெரியாமல் வைத்த தயிர்சாதமும் வஞ்சிர வறுவலும்!

"மேல போய் வேலை பாக்கப் போறியா, விருந்து சாப்பிடப் போறியா?"

கேரியரை எடுத்து மேஜையில் வைத்தார். மறுபடி ஏறினேன். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. தொண்ணூற்று ஒன்பது புள்ளி எட்டு.

அன்று மதியமே அண்ணாமலை நகர் பக்கத்து டவரில் புது பெல்ட்டோடு ஏறினேன். மூச்சு வாங்கவில்லை, தொடை நடுங்கவில்லை. கோபுரம் நாலும் இருந்த இடத்திலேயே இருந்தன. கொக்கியை மாட்டிக்கொண்டு உங்கள் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"சாப்டீங்களா?" என்றாள் முதல் வார்த்தையாக.

"சாப்பாடு கீழ இருக்குது. நான் மேல இருக்கேன்" என்றேன்.