வராந்தாவில் காயவைத்த ஆம்பூர்க் கட்டுகள்

வேலூர் கலெக்டர் ஆபீசில் நான் ரிக்கார்டு ரூம் கீப்பராக இருந்த காலத்தில், பழைய காகிதம் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு ரூல் இருந்தது. கட்டின் நம்பரைச் சொன்னால்தான் கட்டு வெளியே வரும். நம்பர் எழுதிய அட்டவணை உள்ளே இருக்கும். உள்ளே வெளியாள் வரக்கூடாது. இதை எழுதிய புண்ணியவான் தன் ஆயுசில் எந்தக் காகிதத்தையும் தேடிப் போயிருக்க மாட்டார்.

ஆடி மாதம் ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து மிஷன் பள்ளி ஆசிரியை ஒருவர் வந்தார். தம் தெருவின் சரித்திரத்தை எழுதிக்கொண்டிருந்தவர். அந்தச் சமயத்தில் தோல் பதனிடும் டேனரியின் முதலாளி தெருக் கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பி, கிணறு தாம் வெட்டியது என்று சொல்லிவிட்டார். சனங்கள் பாலாற்று மணலில் ஊற்று தோண்டிக் குடித்தார்கள். அது பொதுக் கிணறு என்பதற்கு ஆசிரியைக்கு அத்தாட்சி வேண்டும்.

ஹெட் கிளார்க் நிமிராமலே, "நம்பர் இன்னாம்மா?" என்றார்.

"நம்பர் தெரிஞ்சா உங்கள ஏன் சார் பேஜார் பண்றேன்?"

"அப்ப தெரிஞ்சிக்கினு வாங்க."

ஆவணியிலும் வந்தார், ஐப்பசியிலும் வந்தார். அதே கேள்வி, அதே பதில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சம்பளக்காரன் வாய் சும்மாதான் இருக்கும்.

மழை ஓய்ந்ததும் கட்டுகளை வராந்தாவில் பிரித்துக் காயவைத்து, தாள் தாளாகப் புரட்டிப் பூச்சி தட்டுவது வழக்கம். வராந்தாவைப் பற்றி ரூல் மூச்சுவிடவில்லை. அந்த வருஷம் ஆசிரியைக்கு ஒரு கார்டு போட்டுவிட்டு, அட்டவணையையும் ஆம்பூர்க் கட்டுகளையும் முதலில் பரப்பினேன். வந்து படிக்கட்டில் நின்று படித்தார். நான் மெதுவாகப் புரட்டினேன். பூச்சிகளுக்குத் தப்பிக்க நிறைய அவகாசம் கிடைத்தது.

மத்தியானம் அவர் நம்பரோடு ஹெட் கிளார்க்கிடம் போனார்.

"எப்படிம்மா கெடச்சுது?"

"வெயில்ல கெடச்சுது சார்."

ஹெட் கிளார்க் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். ஒரே மூட்டம். பிறகு என்னைப் பார்த்தார்.

"மழ வரப்போவுது. அந்தம்மாவுக்கு நகல் எழுதிக் குடுத்துட்டு எல்லாத்தையும் உள்ள எடு."

நகலைப் பார்த்த அதிகாரி சுவரை இடிக்கச் சொன்னார். அந்தச் செய்தி வந்த அன்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பங்குனியில் ஒரு கல்யாணத்துக்கு ஆம்பூர் போனவன், கிணற்றையும் பார்க்கப் போனேன். ஆசிரியை ஒரு வாளி இறைத்துக் கொடுத்தார். வாயில் வைக்க முடியவில்லை. உப்பு.

"ஐப்பசிக்கு அப்புறந்தான் சார் சொவருக்குள்ள உப்புத் தோல் ஊறப் போட்டாங்க. அந்தத் தண்ணி கெணத்துல எறங்கிட்டுது. இப்ப துணி தொவைக்கத்தான் ஆவுது" என்றார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, வந்தவரிடம் முதலில் என்ன சங்கதி என்று கேளுங்கள். நம்பர் நமக்குத் தெரியும். காகிதம் காத்திருக்கும். அந்தக் கிணறு காத்திருக்கவில்லை.