மூலையில் தூவிய திருநீறு

மகள் பூப்பந்து ஆடும் உள்ளக அரங்குக்கு வாரத்தில் மூன்று நாள் போகிறேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண் களத்தின் பின்மூலைக்குப் போகிறது.

அன்று மாவட்டத் தெரிவுப் போட்டி. அமிர்தகழிக் கோயிலில் கும்பிட்டுவிட்டு நேரே வந்தோம். மகள் உடை மாற்றப் போனதும், அவள் ஆடவிருந்த களத்தின் பின்மூலையில் ஒரு சிட்டிகை திருநீறு தூவினேன். அந்த மூலைக்கு வரும் ஷட்டிலைத்தான் அவள் எப்போதும் தவறவிடுவாள். கடவுள் பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பவள். கரம் விளையாடும் பலகையில் பவுடர் போடுவது ஏன் என்று வருடாவருடம் பிள்ளைகளிடம் கேட்பவள். உராய்வு என்ற அந்தப் பாடம் அன்று ஞாபகத்துக்கு வரவேயில்லை.

முதல் ஆட்டத்திலேயே மகள் பின்னால் ஓடி எட்டி அடித்தாள். கால் வழுக்கியது. பின்தலை பலகைத் தரையில் மோதிய சத்தம் கூரைவரை போய்த் திரும்பியது. கண் மூடிக் கிடந்தாள். ஓடிப்போய் அவளைத் தூக்கி மடியில் போடக் குனிந்தேன். என் மணிக்கட்டை ஒரு கை இறுக்கிப் பிடித்தது. அரங்கில் தரை துடைக்கும் பெண்.

"தூக்காதீங்ககா! கழுத்த அசைக்கப்படா."

"என்ட புள்ள..."

"ஓம், புள்ளதான். அதாலதான் சொல்றன். கையப் புடிச்சிப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க."

வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த முதலுதவிப் பயிற்சியில் படித்ததாம். முழந்தாளிட்டு மகளின் தலையை இரண்டு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டாள். சற்று நேரத்தில் மகள் கண் திறந்தாள்.

"புள்ளி எத்தின?" என்று கேட்டாள்.

"அது ஓடிப்போகாது மனே. நீ அசையாமக் கிட" என்றாள் தலையைப் பிடித்திருந்த பெண்.

அம்புலன்ஸ் வரும்வரை அவள் கையை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். தலை அதிர்ந்ததோடு போயிற்று. தூக்காமல் விட்டது நல்லது என்று டொக்டர் சொன்னபோது, நான் குனிந்து நின்ற அந்தக் கணம் நினைவுக்கு வந்தது.

மகள் வீட்டுக்கு வந்த பிறகு அரங்குக்குப் போனேன். அந்தப் பெண் தரை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்டைக்கு அந்த மூலையில..." என்று தொடங்கினேன்.

"திருநீறுதானே? நீங்க ஆஸ்பத்திரிக்குப் போனீங்கதானே, மறுகா துடைக்கக்குள்ள மணத்திச்சி. உங்கட கையப் புடிக்கக்குள்ளயும் அந்த மணம்தான்."

தரையை ஒழுங்காகத் துடைக்கவில்லை என்று அவளைத்தான் எல்லோரும் ஏசினார்களாம்.

"நீங்க சொல்லியிருக்கலாமே?"

"ஆஸ்பத்திரியில புள்ளையோட கிடக்கிற தாயப் பத்தி என்னத்தச் சொல்றகா?"

அவளைக் கூட்டிக்கொண்டு அலுவலக அறைக்குப் போய், பொறுப்பாளரிடம் நடந்ததை என் வாயால் சொன்னேன். அடுத்த ஆட்டத்தில் பக்கம் மாறியிருந்தால் எதிரே ஆடிய பிள்ளை விழுந்திருக்கலாம் என்பதையும் சொன்னேன். அவர் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். மகளிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. சொன்ன பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "இனி நெத்தியில மட்டும் பூசுங்கம்மா. தரைக்கு வேணாம்" என்றாள்.

டொக்டர் அனுமதித்த பிறகு மறுபடி ஆடுகிறாள். அந்த மூலையை இன்னும் தவறவிடுகிறாள். விடட்டும்.

நான் உள்ளே நுழையும்போதெல்லாம் அந்தப் பெண் துடைப்பத் தடியைக் குறுக்கே நீட்டுவாள்.

"கைய விரிச்சிக் காட்டிப்போட்டுப் போங்ககா."

மகள் சிரிப்பாள். நான் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவேன். அந்தப் பெண் அன்று பிடித்து நிறுத்திய கையை முதலில் நீட்டுவேன்.