அவள் ஏன் அடித்தாள்?

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொன்னார்: "இப்பல்லாம் பொம்பளைங்களும் கை நீட்டுறாங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்!"

ஒன்றுதானா?

எனக்கு ஜப்பான்காரன் காலத்து சரோஜா ஞாபகம் வந்தாள்.

மலாக்காவில், காஜா பெராங்கில் குடியிருந்தோம். எனக்குக் கல்யாணமான புதிது. பக்கத்து வீட்டில் சரோஜாவும் அவள் புருஷன் வேலுவும். ஜப்பான் சண்டை வருவதற்கு முன்னால் வேலு ரப்பர் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. ஜப்பான்காரன் வந்ததும் வேலை போச்சு. ஆனால் அவர் சரோஜாவை அடித்தது வேலை இருந்த நாளிலிருந்தே! சுவர் வழியாகச் சத்தம் கேட்கும். தெருவே கேட்கும். யாரும் போய்க் கேட்டதில்லை... குடும்ப விஷயமாம்.

ஒரு நாள் மத்தியானம் வேலுவின் அலறல் கேட்டது. ஓடினேன்.

அடுப்படியில் நெற்றி கிழிந்து உட்கார்ந்திருந்தார். சரோஜா கையில் விறகுக்கட்டை. அவள் கழுத்தில் விரல் தடம், சிவப்பாக.

தெரு முழுக்க வாசலில் கூடிவிட்டது. "புருஷனை அடிச்சிட்டாளே!" சரோஜா அடி வாங்கிய நாட்களில் இந்தக் கூட்டம் எங்கே இருந்தது?

"ஜப்பான் போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கிறேன்டி!" என்று கத்தினார் வேலு.

கூட்டம் பின்வாங்கியது. அங்கே போனவர்கள் எத்தனை பேர் திரும்பினார்கள்?

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ! காயத்தைக் கட்டிக்கொண்டே கேட்டேன். "அண்ணே, அவ ஏன் அடிச்சான்னு அங்க கேப்பாங்களே... என்ன சொல்வீங்க?"

சரோஜாதான் பேசினாள்.

"காலையில சாலையில ஜப்பான் சிப்பாய் இவரை அறைஞ்சான். அவனைத் திருப்பி அடிச்சாரா? வீட்டுக்கு வந்து என் கழுத்தை நெரிச்சாரு. மூச்சு முட்டுச்சு. கையில கிடைச்சதை எடுத்தேன்."

வேலு தலையைக் குனிந்துகொண்டார்.

அவளை என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். பிறகு மெதுவாக, "முதல் அடி பயத்துல விழுந்துச்சுக்கா. ரெண்டாவது... அவர் கீழ விழுந்தப்புறம் அடிச்சேன். அது இத்தனை வருஷத்து ஆத்திரம். என்னை நினைச்சா எனக்கே பயமா இருக்கு" என்றாள்.

இதைவிட நேர்மையாக யார் சொல்ல முடியும்? அந்த இரண்டாவது அடி சரி என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் யார் அடித்தது என்று மட்டும் கேட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். யார் யாருக்குப் பயந்து வாழ்ந்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.

வேலு போலீசுக்குப் போகவில்லை. செமாபோக்கில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போனார். சரோஜா கட்டையை அடுப்பில் போட்டுவிட்டுத் தோட்டத்தில் மரவள்ளி நட்டாள். அந்தப் பஞ்சத்தில் கிழங்குதானே சோறு!

சில மாதம் கழித்து வேலு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"உள்ள வரலாமா, சரோஜா?"

"இன்னிக்கு வேணாம்."

கோபப்படாமல் திரும்பிப் போனார். மறுபடி வந்தார். மறுபடி கேட்டார். ஒரு நாள் அவள் கதவைத் திறந்தாள். "இன்னொரு தடவை கை ஓங்கினா, நான் கட்டையைத் தேடமாட்டேன். எல்லாத்துக்கும் முற்றுப்புள்ளி வச்சிட்டுப் போயிடுவேன்" என்று சொல்லித்தான் திறந்தாள்.

அதற்கப்புறம் சுவர் வழியாகச் சிரிப்புகூடக் கேட்டிருக்கிறேன்.

ஜப்பான்காரன் ஊரைவிட்டுப் போக இன்னும் நாள் இருந்தது. பக்கத்து வீட்டுக்கு மட்டும் விடுதலை கொஞ்சம் முந்திக்கொண்டது!