ஹீட்டர் சூடாகும் வரை

"அப்புறம் அந்தப் பொண்ணு வீட்டுக்குத் திரும்பினாளா, மாமா?" என்று கேட்டேன்.

"எனக்கெப்படித் தெரியும்? அதுக்குள்ள ஹீட்டர் சூடாயிடுச்சே."

"நேத்து அவ டீச்சர்னு சொன்னீங்க. இன்னிக்குக் கப்பல்ல சமைக்கிறா?"

மாமா தலையைச் சொறிந்தார். "அது வேற வீட்டுப் புத்தகமோ?"

"சூப் ஆறுது. ரெண்டு பேரையும் ஒருத்தியாவே வச்சுக்கிட்டுச் சாப்பிடுங்க," என்றாள் அத்தை.

மாமா வீடு வீடாகப் போய் ஹீட்டர் பழுதுபார்ப்பவர். இலையுதிர்காலம் தொடங்கினால் பனி விடும் வரை அவருக்கு ஓய்வில்லை. வேலை முடிந்தாலும் அறை சூடாகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அதுவரை கைக்கு எட்டிய புத்தகத்தை, திறந்து கிடக்கும் பக்கத்திலிருந்தே படிப்பார். இரவுச் சாப்பாட்டில் அதுதான் எங்களுக்குக் கதை. யார் எந்தக் கதையில் செத்தார் என்று ரொட்டியை நனைத்தபடியே எல்லோரும் குழம்புவோம்.

மற்றக் கதைகளை மறுநாளே மறந்துவிடுபவர், அப்பாவோடு சண்டைபோட்டு வீட்டைவிட்டுப் போன அந்தப் பெண்ணை மட்டும் விடவில்லை. புத்தகத்துக்கு அட்டை போட்டிருந்ததால் தலைப்பு தெரியாது. அதைப் படித்த வீட்டுக்குத் திரும்பப் போய்ப் பார்த்தால், அங்கிருந்தவர்கள் காலி செய்துவிட்டிருந்தார்கள். நூலகத்தில் விசாரித்தபோது, பெண் டீச்சரா சமையல்காரியா என்பதிலேயே தடுமாறித் திரும்பினார்.

ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ இந்த ஊர்ல பேசுற ரெண்டு பாஷையிலயும் படிக்கிறவ. தேடிப் பாரும்மா. கிடைக்கலன்னா நீயே ஒரு முடிவு சொல்லிடு. ஆனா அது நீயா சொன்னதுன்னு மட்டும் எனக்குத் தெரிய வேணாம்."