துரை கேட்ட கொடி

மலாயாவில், ஈப்போ ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் எங்கள் தையல் கடை இருந்தது. துணி வெட்டுவதும் மெஷின் மிதிப்பதும் என் கணவர். கைத்தையல் எல்லாம் நான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஒரு ஜூன் மாதக் காலை, பக்கத்து ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கடைக்குள் வந்து மேசைமேல் ஒரு படத்தை விரித்தார். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள், மூலையில் நீலக் கட்டம், அதற்குள் நாற்பத்தெட்டு நட்சத்திரங்கள்.

"அமெரிக்கா கொடி. ஜூலை நாலாம் தேதிக்கு முந்தி வேணும். தைப்பியா?" என்றார். ஆட்களோடு பேசிப் பழகிய தோட்டத் தமிழ்.

நான் தோட்டத்தில் பிறந்தவள். துரை எதிரே வந்தால் ஆட்கள் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்பதைப் பார்த்து வளர்ந்தவள். கையிலிருந்த சட்டையை வைத்துவிட்டு எழுந்து நின்றேன். என் கணவர் உட்கார்ந்தபடியே படத்தைப் பார்த்தார்.

"அன்னைக்கு என்ன விசேஷம் துரை?"

"அவங்களுக்குச் சுதந்திர நாள். ஈயச் சுரங்கத்துல ஒரு எஞ்சினியர் இருக்கான், அமெரிக்காக்காரன், என் சிநேகிதன். அவன் ஊர்க்காரங்க இங்க யாரும் இல்ல. என் பங்களாவுல கொடி ஏத்தப் போறேன். அவனுக்குத் தெரியாது."

"யார்கிட்டேருந்து சுதந்திரம் வாங்குனாங்க?"

துரை சிரித்தார். "எங்ககிட்டேருந்துதான்."

என் கணவர் படத்திலிருந்து தலையைத் தூக்கினார். "உங்களுக்கு வருத்தம் இல்லியா?"

"அது பாட்டன் காலத்துச் சண்டை. ஜெர்மன்காரனோட நடந்த போன சண்டையில ரெண்டு பேரும் ஒரே பக்கம் நின்னோம். அவன் நாள நான் கொண்டாடாம வேற யாரு கொண்டாடுவா?"

பட்டைகள் இரண்டே நாளில் முடிந்தன. நட்சத்திரங்கள்தான் உயிரை வாங்கின. ஒரு பக்கம் தைத்தால் போதும் என்றார் கணவர். காற்றில் திரும்பினால் பின்பக்கம் மொட்டையாகத் தெரியும் என்று நான் விடவில்லை. இரண்டு பக்கமும் தைத்து முடித்தபோது விரல் நுனியெல்லாம் பொத்தல்.

ஜூலை நாலாம் தேதி கொடியைக் கயிற்றில் கட்டிக் கொடுக்க எங்களையும் காரில் வரச் சொன்னார் துரை. தேநீர் குடிக்க வந்ததாக நினைத்திருந்த அமெரிக்கர் வாசலில் கம்பத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். கயிற்றை இழுக்க யாரையும் கூப்பிடவில்லை, துரையே இழுத்தார். கொடி உச்சிக்குப் போய் விரிந்தபோது அமெரிக்கர் தொப்பியைக் கழற்றினார். துரையின் தோளில் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடியே இருந்தார்.

பிறகு எங்களிடம் வந்து கை குலுக்கினார். ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். துரை கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "உங்க ஊருக்கு இந்த மாதிரி நாள் எதுன்னு கேக்குறான்."

"இன்னும் வரல துரை. வரும்," என்றார் என் கணவர்.

துரையின் முகம் சிவந்தது. ஆனாலும் அந்தப் பதிலை மறைக்காமல் சிநேகிதரிடம் சொன்னார். சொன்னதும் அமெரிக்கர் என் கணவரைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். துரை உள்ளே போய்த் தானே இரண்டு நாற்காலிகளைத் தூக்கி வந்து போட்டார்.

"உக்காருங்க," என்றார். அதுவரை நீ, வா, போ என்றே பேசியவர். அவர்களுக்கு எதிரே உட்கார்ந்து நாங்களும் தேநீர் குடித்தோம். நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தேன் என்றாலும் உட்கார்ந்தேன்.

திரும்பும் வழியில், "உங்களுக்குப் பயமா இல்லியா?" என்று கேட்டேன்.

"கேட்டாரு, சொன்னேன். அத விடு. தோத்தவன் கெலிச்சவனுக்குக் கொடி ஏத்துறான், பாத்தியா? அதுக்கு மனசு வேணும்லா."

அந்த வாரம் முழுக்க, கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் இதையே சொன்னார். யாழ்ப்பாணத்து ரயில்வே கிளார்க் ஒருவர் கால்சட்டைக்கு அளவு கொடுத்துக்கொண்டே, "வெள்ளைக்காரன் அப்படிச் செய்யமாட்டான்," என்றார். என் கணவர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவரை உட்கார வைத்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.