ஈஸ்டர் காலையில் ஒரு தலையணை

சிகரெட்டை விடுவது எனக்குப் பெரிய விஷயமே இல்லை. வருடா வருடம் விடுகிறேன். விபூதி புதன் அன்று நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு கோயிலை விட்டு வந்தால், ஈஸ்டர் வரைக்கும் தொட மாட்டேன். எங்கள் வீட்டில் அந்த நாற்பது நாள் தவக்காலத்துக்கு ஆளுக்கொன்றை விடுவோம். மனைவி கறியை, நான் புகையை. ஈஸ்டர் பூசை முடிந்ததும் அவள் பிரியாணிக்கு அரிசி ஊற வைப்பாள், நான் குமணன்சாவடிக் கடைக்குப் போவேன். நினைத்தால் விட்டுவிடலாம் என்ற திமிரிலேயே விடாமல் இருந்தேன்.

ஆனால் அந்த நாற்பது நாளும் இருப்புக்கொள்ளாது. அம்பத்தூரில், வேலை செய்யும் இடத்தில், டீ வேளை வந்தால் கை சட்டைப்பையைத் தடவும். மிட்டாயைக் கடித்துத் துப்புவேன். சும்மா இருந்தவர்கள் மேல் எரிந்து விழுவேன். நூம்பலில் வீட்டுக்கு வந்தால்தான் நிம்மதி. மகளுக்கு இளைப்பு உண்டு. புகை பிடிக்கிறவர் பக்கத்தில் படுக்க வைக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவள் உள்ளறையில் அம்மாவோடு, நான் கூடத்தில். தவக்காலம் வந்தால் மட்டும் தலையணையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிடுவாள். பள்ளிக்கூடக் கதை பேசிக்கொண்டே தூங்கிப்போவாள்.

இந்த வருடம் ஈஸ்டர் பூசை முடிந்து, இருவரையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டுக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நான் கேட்காமலே பெட்டியை நீட்டினார்.

"வா நைனா. இன்னிக்கு ஈஸ்டராச்சே, வருவேன்னு எடுத்து வெச்சிகீறேன்."

ஒன்றை உருவி உதட்டில் வைத்தேன். பற்ற வைப்பதற்குள் மனைவியின் போன். புதினா இல்லையாம், உடனே வேண்டுமாம். எரிச்சலோடு சிகரெட்டைப் பெட்டிக்குள் செருகிவிட்டு, புதினாக் கட்டோடு வண்டியை விரட்டினேன். சாப்பிட்ட பிறகு நிதானமாகப் பிடிக்கலாம் என்றுதான் நினைப்பு.

வீட்டுக்குள் நுழைந்தால், மகள் கூடத்திலிருந்து தன் தலையணையை உள்ளே தூக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

"இன்னாடி கண்ணு, அதுக்குள்ள?"

"ஈஸ்டர் வந்துச்சு இல்லப்பா."

கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இன்னும் பத்த வெக்கலடி."

என் விரல்களைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். "சரி, இன்னிக்கு மட்டும் வரேன்."

அழுகை வந்தது. சாமிக்காக வருடம் தவறாமல் விட்டவன், இவளுக்காக ஒரு நாள்கூட விட்டதில்லை. பெட்டியைக் கசக்கிக் குப்பையில் போட்டேன். மறுநாள் தவக்காலமும் இல்லை, நேர்த்திக்கடனும் இல்லை, வெறும் திங்கட்கிழமை. அன்று பட்ட அவஸ்தையை அந்த நாற்பது நாளிலும் பட்டதில்லை. டீ வேளையில் இரண்டு முறை தெருமுனைக் கடை வரைக்கும் நடந்து திரும்பினேன்.

இப்போது தினமும் சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் வாசலுக்கு வந்து கையை நீட்டச் சொல்கிறாள். முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையணையைக் கொண்டுவருகிறாள். விடிந்ததும் மறுபடி உள்ளே எடுத்துப்போய் வைத்துவிடுகிறாள். இங்கேயே இருக்கட்டுமே என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தேன்.

"சாயங்காலம் பாத்துக்கலாம்பா" என்றாள்.