அரிசி மூட்டைகளுக்கு அடியில்

புயல் யாங்கோன் பக்கம் திரும்பலாம் என்று செய்தி வந்த காலையில், நான் வரவேற்பு மேசையில் உட்காரும் பல் ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். என் கணவர் அவருடைய அக்காவைப் பார்க்க ஊருக்கு வடக்கே இன்சீனுக்குப் போனவர், ரயில் ஓடாது என்று பேச்சு வந்ததும் அங்கேயே தங்கிவிட்டார். போனில் ஒன்றுதான் சொன்னார். "கரியும் தண்ணியும் வாங்கி வச்சிக்க. அரிசி இருக்கான்னு பாரு."

எல்லார் கையிலும் ஒரே படம். கடலுக்கு மேலே வெள்ளையாக ஒரு சக்கரம். பல வருஷங்களுக்கு முன்னால் வந்த பெரும்புயலை அனுபவித்தவர்களுக்கு அந்தப் படமே போதும். அப்போது டெல்டாவில் ஊர் ஊராக அழிந்துபோனது. எங்கள் தெருவில் மரங்கள் எல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தன. குடிக்கிற தண்ணீருக்கு ஆற்றங்கரை வரைக்கும் அலைந்திருக்கிறோம். அதனால் இந்த முறை விடிந்ததுமே எங்கள் பேட்டை க்யிம்யிண்டைங் முழுக்கக் கடைத்தெருவில் இறங்கிவிட்டது.

நான் போகும்போது மெழுகுவத்தி, பேட்டரி, முட்டை எதுவும் எங்கும் இல்லை. கரி விற்கிறவள் சாக்கை உதறிக் காட்டினாள். சரி, காக்கா கடையிலாவது அரிசி கிடைக்கும் என்று நடந்தேன்.

மார்க்கெட் முனையில் இருக்கும் அந்த அரிசி, எண்ணெய்க் கடைக்காரரை எங்கள் பக்கத்தில் பர்மியர்கள்கூட காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தமிழ் முஸ்லிம்; அவர்கள் வழக்கில் காக்கா என்றால் அண்ணன். என்னோடு தமிழில் பேசுவார். அவர் மனைவி கல்லாவில் உட்கார்ந்திருப்பார். அவரை நான் அக்கா முறையில் லாத்தா என்று கூப்பிடுவேன். கூட்டம் வரும் என்று காக்கா அன்று காலையிலேயே கூடுதல் சரக்கை இறக்கியிருந்தார். இடது பக்கச் சுவரை ஒட்டி உத்தரம் வரைக்கும் அரிசி மூட்டைகள். அதற்குப் பின்னால், சுவரில் உயரத்தில் இருந்த தட்டில் எண்ணெய் பாட்டில்கள்.

வாசலில் வரிசை என்று ஒன்றும் இல்லை. முதுகுகள்தான். அந்த முதுகுகளுக்கு நடுவில் எங்கள் கீழ்வீட்டு சாயாமாவைப் பார்த்தேன். பள்ளிக்கூட ஆசிரியை. பர்மாவில் ஆசிரியைகளைச் சாயாமா என்றுதான் அழைப்போம். தனியாக வசிக்கிறவர். மாடிப்படியில் எதிரே வந்தால் உடம்பைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு எனக்கு வழி விடுவார். அப்படிப்பட்ட மனுஷி.

"சாயாமா!" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை.

யாரோ பர்மியத்தில் கத்தினார்கள். "எண்ணெய் தீரப் போகுது!" அவ்வளவுதான். பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள், நான் என் காலால் நடக்காமலே கடைக்குள் போய் நின்றேன். காக்கா மூட்டைகளுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். "இருக்கு, எல்லாருக்கும் இருக்கு, தள்ளாதீங்க!" என்று பர்மியத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருத்தன் அவர் கைக்கு அடியில் குனிந்து கீழ் மூட்டையின் காதைப் பிடித்து இழுத்தான். அவர் அதைத் தடுக்கக் குனிந்தார்.

அடுக்கு அப்படியே முன்னால் சாய்ந்தது.

அவ்வளவு மூட்டை விழுந்தும் பெரிய சத்தம் வரவில்லை. ஈரத் துணியைத் தரையில் அடித்த மாதிரி ஒரு சத்தம், பிறகு தவிட்டுத் தூசி. இனி எல்லாரும் நின்றுவிடுவார்கள் என்று நினைத்தேன். யாரும் நிற்கவில்லை. கிழிந்த மூட்டையிலிருந்து அரிசி கொட்டியது. அதைப் பைகளிலும் இடுப்பில் கட்டிய லோஞ்சி மடியிலும் அள்ளினார்கள். சிலர் விழுந்த மூட்டைகள் மேல் ஏறி எண்ணெய்த் தட்டை எட்டினார்கள். அதில் சாயாமாவும் இருந்தார். கொண்டை அவிழ்ந்து முதுகில் கிடந்தது. வெறுங்காலை மூட்டையில் அழுத்தி ஊன்றி மேலே எக்கினார். அந்த மூட்டைக்கு அடியிலிருந்து ஒரு கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வெள்ளி மோதிரம் போட்ட கை. விரல்கள் தரையைப் பிறாண்டின.

"காக்கா உள்ள இருக்காரு! காக்கா உள்ள!" என்று கத்தினேன். ஒருவரும் திரும்பவில்லை. நான் தமிழில் கத்திக்கொண்டிருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. தெரிந்த பிறகும் பர்மியச் சொல் வாயில் வரவில்லை. நாள் முழுக்க அந்த மொழியில் பேசிச் சம்பாதிக்கிறவள் நான்.

லாத்தாதான் கல்லா மேசையில் ஏறி நின்று அலறினார். "லூ பி நேதெ! லூ பி நேதெ!" ஆள் நசுங்குகிறான் என்று.

தெருவில் நின்ற, சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டி ஒருவன், வண்டியை அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்தான். மேலே நின்றவர்களைத் தோளைப் பிடித்து இழுத்துத் தள்ளினான். அவன் முதல் மூட்டையைப் புரட்டியதும் இன்னும் இரண்டு மூன்று பேர் கை கொடுத்தார்கள். நானும் ஒரு காதைப் பிடித்து இழுத்தேன். சாயாமாவைத் தேடினேன். அவர் இரண்டு எண்ணெய் பாட்டில்களை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

காக்காவின் முகம் முழுக்கத் தவிடு. மூச்சு இருந்தது. வலது கால் இருக்கக் கூடாத பக்கமாகத் திரும்பியிருந்தது. கண்ணைத் திறந்து லாத்தாவைப் பார்த்து, "ஒனக்கு ஒண்ணுமில்லையே?" என்றார். சைக்காவில் கிடத்தினார்கள். லாத்தா கடைச் சாவியை என் கையில் திணித்தார். "தங்கச்சி, ஷட்டர இழுத்துப் பூட்டும்மா. நான் இவுகளோட போறேன்."

உள்ளே இருந்தவர்களை வெளியே அனுப்பி ஷட்டரை இழுத்தேன். தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது கீழே ஒரு கை நுழைந்து, சிந்திக் கிடந்த அரிசியை வழித்துக்கொண்டு போனது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வந்தது. வாசலில் நெருக்கிய கூட்டத்தில் அது யார் கை என்று தெரியவில்லை. அந்தக் கை போகும் வரைக்கும் ஷட்டரைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். மழை பிடித்துக்கொண்டது. படியேறும் முன் சாயாமா கதவைத் தட்டினேன். திறந்தவர் தலையை ஒழுங்காக வாரிக் கொண்டை போட்டிருந்தார்.

"வாங்க, நனைஞ்சிட்டீங்களே" என்று பர்மியத்தில் சொன்னார். உள்ளே போய் ஒரு பாட்டிலை எடுத்து வந்து நீட்டினார். "எண்ணெய் கிடைச்சதா? இது உங்களுக்குன்னுதான் சேத்து எடுத்தேன்."

நான் கை நீட்டவில்லை. "சாயாமா, காக்கா மூட்டைக்கு அடியில கிடந்தாரு."

"எந்த மூட்டை?"

"நீங்க ஏறி நின்னீங்களே, அது."

அவர் சிரிக்கப் பார்த்தார். "அங்க யாரும் இல்லையே. வெறும் அரிசிதான இருந்துச்சு." என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நடிக்கவில்லை. அவர் பார்க்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு மனுஷனுடைய கை காலுக்குக் கீழே துடிக்கிறது, நல்லவர் ஒருவர் அதைப் பார்க்காமல் எண்ணெயைப் பார்க்க முடிகிறது. பார்த்துவிட்டு மிதித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

புயல் எங்களிடம் வரவில்லை. மேற்குக் கரையில் இறங்கி அங்கே எத்தனையோ வீடுகளைப் பிய்த்துப் போட்டது. யாங்கோனில் மழையும் காற்றும்தான். எதிர்வீட்டு மாடியில் ஒரு தகரம் பறந்தது. அவ்வளவே.

காற்று அடங்கிய காலையில் லாத்தா என்னிடம் சாவியை வாங்கிக் கடையைத் திறந்து தவிட்டைக் கூட்டிக்கொண்டிருந்தார். சாயாமா என்னையும் கூட்டிக்கொண்டு போய், இரண்டு பாட்டில்களையும் அவர் முன்னால் வைத்தார். "நானும் மேல ஏறினேன்" என்றார். லாத்தா பாட்டில்களை ஒரு துணியால் துடைத்துத் தட்டில் வைத்தார். மறுபடி துடைப்பத்தை எடுத்தார். சாயாமா வணங்கிவிட்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் சாமான் வாங்க வேறு தெருவுக்குப் போகிறார்.

காக்காவின் காலுக்குத் தகடு வைத்தார்கள். மழைக்காலம் முடிந்த பிறகு கைத்தடியோடு கடைக்கு வந்து உட்கார ஆரம்பித்தார். ஒருநாள் எனக்குப் பருப்பு நிறுத்துக்கொண்டே, "ஏம்மா, அன்னைக்கி எம்மேல நின்னது யாரு, நம்ம தெருக்காரங்களா?" என்று கேட்டார். கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"ஒரே தூசி காக்கா. ஒண்ணும் தெரியல" என்றேன்.

லாத்தா கல்லாவிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டார்.